முதலாம் மாடி எது? திருகோணமலையில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பு

திருகோணமலை நகரில் ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்று, உயர்தரப் பொது ஆங்கிலத்துக்கு ஒன்று, வெளிநாடு போகிறவர்களின் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பயிற்சிக்கு ஒன்று என்று உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. மத்திய வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடக்கும் மாலைநேர வகுப்பு இவற்றுள் எந்த வகையிலும் அடங்காதது. ஆங்கிலம் ஓரளவு பேசவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கு, பிரித்தானிய வழக்குக்கும் அமெரிக்க வழக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளையும், பாடப்புத்தகங்களில் அகப்படாத அருஞ்சொற்களையும் மட்டுமே இங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் நான் ஒரு முழுத் தவணை இந்த வகுப்பில் இருந்து படித்தேன். சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர் என்பதால், கண்டதையும் கருதுவதையும் விரிவாக எழுதுகிறேன்.

வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில ஆசிரியர். மாணவர்களில் பாதிப்பேர் என்னைப் போல விடுதிகளில் வேலை செய்பவர்கள். மற்றவர்களில் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டாரைக் கடலுக்குள் கூட்டிச் செல்லும் படகுக்காரர் சிலரும், இங்கிலாந்தில் வேலை தேடும் தாதி ஒருவரும், கச்சேரிக்கு அருகே தட்டச்சுக் கடை வைத்து மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கும் ஓர் அண்ணனும் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் இலங்கைப் பள்ளிக்கூடங்களில் பிரித்தானிய ஆங்கிலம் படித்தவர்கள். ஆனால் கைத்தொலைபேசியிலும் திரைப்படங்களிலும் அன்றாடம் கேட்பது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம். இரண்டும் கலந்து நாக்கில் நிற்கும்போது எது எந்த ஊர்ச் சொல் என்று பிரித்தறியத் தெரிவதில்லை. அந்தக் குறையைத்தான் இந்த வகுப்பு நேராகக் கையில் எடுக்கிறது. எந்த வழக்கு சரி, எது பிழை என்ற பட்டிமன்றத்தை ஆசிரியர் ஒரு நாளும் நடத்தியதில்லை. கேட்பவர் எந்த நாட்டவர், அவர் காதில் இந்தச் சொல் என்னவாக விழும் என்பதையே ஒவ்வொரு பாடத்திலும் கேட்கிறார். நான் கொடுத்த கட்டணத்துக்கு இந்த ஒன்றே போதும் என்று சொல்வேன்.

வகுப்பின் போக்கை அறிய ஒரு பயிற்சியைச் சொன்னால் போதும். ஒரு மாணவர் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும். இன்னொருவர் பெரிய பயணப்பெட்டியோடு வந்திறங்கிய அமெரிக்கராக நடிக்க வேண்டும். மேசையில் நின்ற இளைஞர் 'உங்கள் அறை ஃபெர்ஸ்ட் ப்ளோரில் இருக்கிறது' என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஆசிரியர் உடனே, "தம்பி, அவர் அறைக்குப் போய்ச் சேர்ந்திட்டாரா?" என்று கேட்டார். "ஓம் சேர், இந்நேரம் படியேறியிருப்பார்" என்றார் இளைஞர். "இல்லைத் தம்பி, அவர் இன்னும் கீழேதான் கதவு இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்" என்று சொல்லி ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கட்டடத்தை வரைந்தார். பிரித்தானியரும் நாமும் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்காமல் அதற்கு மேலுள்ளதை முதலாம் மாடி என்கிறோம். அமெரிக்கருக்குத் தரைத்தளமே முதலாம் மாடி. ஆகவே 'ஒரு மாடி மேலே' என்று சொல்லி, கையையும் படிக்கட்டை நோக்கி நீட்டுவதே பாதுகாப்பான வழி. மின்தூக்கியைப் பிரித்தானியர் லிப்ட் என்பார்கள், அமெரிக்கர் எலிவேட்டர் என்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடு. தெரியாத சொல்லைக் கேட்டால் மனிதர் திரும்பக் கேட்டுவிடுவார். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது கேட்பதற்கே தோன்றாது. இந்த இரண்டாம் வகையிலேயே வகுப்பு தன் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது, அது மிகச் சரியான தெரிவு.

அந்த வகையில் என் வேலைக்கு மிகவும் உதவியது 'க்வைட்' என்ற சிறிய சொல். விருந்தினர் கருத்துப் புத்தகத்தில் எழுதப்படும் வாசகங்களை மாதிரியாக எழுதிக்கொடுத்து, எழுதியவர் எவ்வளவு திருப்தியோடு போயிருப்பார் என்று எங்களை அளவிடச் சொன்னார் ஆசிரியர். 'அறைகள் க்வைட் நைஸ்' என்ற வரியைப் பார்த்து நாங்கள் எல்லோரும் நல்ல பாராட்டு என்றோம். அமெரிக்கர் எழுதியிருந்தால் அது பாராட்டுத்தான். அவர்களிடம் அந்தச் சொல் 'மிகவும்' என்ற அளவுக்கு ஏறும். பிரித்தானியர் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது 'பரவாயில்லை' என்ற அளவோடு நின்றுவிடும்; அடுத்த முறை அவர் வேறு விடுதியைப் பார்க்கக்கூடும். அதே பிரித்தானியர் 'பெர்பெக்ட்', 'எக்ஸலன்ட்' போன்ற உச்சச் சொற்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை வைத்தால் அது 'முற்றாக' என்று பொருள்படும் என்ற நுணுக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. விருந்தினரின் கருத்துகளை வாசிக்கும் பொறுப்பிலுள்ள எவருக்கும் இந்த ஒரு பாடம் மிகப் பெறுமதியானது.

பொருள் நேரெதிராகத் திரும்பும் சொற்களுக்கு அவர் காட்டிய உதாரணம் 'டேபிள்' என்ற வினை. கூட்டத்தில் ஒரு விடயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரித்தானியருக்கு அதை இப்போதே பேச்சுக்கு எடுப்பது. அமெரிக்கருக்கு அதைப் பேசாமல் ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருநாட்டு அதிகாரிகளும் ஒரே கருத்தில் இருந்துகொண்டே இந்தச் சொல்லால் நீண்ட நேரம் வாதாடியதை வின்ஸ்டன் சேர்ச்சில் தம்முடைய போர் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இலங்கையின் அரசாங்க அலுவலகங்களில் நடைமுறையிலிருப்பது பிரித்தானியப் பொருளே. அமெரிக்க நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனங்களோடு கூட்டத்தில் உட்காருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உணவுப் பட்டியல் பற்றிய பாடம் ஒரு கிழமை முழுவதும் நீண்டது. நீண்டதில் நியாயமும் உண்டு. 'ஆன்ட்ரே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு அமெரிக்காவில் பிரதான உணவு என்று பொருள்; அவுஸ்திரேலியாவில் அது முதலில் பரிமாறும் சிறு உணவு. இரு நாட்டவரும் ஒரே மேசைக்கு வரக்கூடிய கடற்கரையில் அந்தச் சொல்லைப் பட்டியலில் அச்சிடாமல் விடுவதே மேல். இறாலைப் பிரித்தானியர் ப்ரான் என்றும் அமெரிக்கர் பெரிதாக இருந்தாலும் ஷ்ரிம்ப் என்றும் சொல்வர். கொத்தமல்லித் தழைக்கு அமெரிக்கர் ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சிலான்ட்ரோ என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். கொரியாண்டர் என்றால் அவர்களுக்கு மல்லி விதை. உருளைக்கிழங்குப் பொரியலில் சிப்ஸ், க்ரிஸ்ப்ஸ், பிரெஞ்ச் ப்ரைஸ் என்று வரும் குழப்பம் எல்லோரும் அறிந்தது. அதை ஆசிரியரும் விரைவாகக் கடந்தார்.

கத்தரிக்காயில்தான் வகுப்பு சூடுபிடித்தது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த 'பிரிஞ்சல்' பிரித்தானியரின் சொல்லும் அல்ல, அமெரிக்கரின் சொல்லும் அல்ல. அவர்கள் ஓபர்ஜீன், எக்பிளான்ட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்ல, போர்த்துக்கீசரிடமிருந்து வந்த ஒரு சொல்லை இலங்கையும் இந்தியாவும் வைத்துக்கொண்டிருக்கின்றன. பலகாரங்களுக்கு நாம் சொல்லும் 'ஷோட் ஈட்ஸ்', ஊருக்கு வெளியே என்பதற்கு நாம் சொல்லும் 'அவுட்ஸ்டேஷன்' என்பனவும் இதே போன்றவை. இவற்றைப் பிழை என்று வெட்டாமல், இலங்கை ஆங்கிலம் என்று பெயர் சொல்லி, இது நம்முடையது, வெளியூராருக்கு விளக்கம் வேண்டும் என்று ஆசிரியர் கற்பித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியலில் பிரிஞ்சல் என்று எழுதி அருகில் எக்பிளான்ட் என்றும் சேர்த்தால் யாருக்கும் நட்டமில்லை. நம்முடைய ஆங்கிலத்தைக் குறைபாடாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் வேண்டும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். வகுப்பில் தரப்படும் போட்டோபிரதிக் குறிப்புகள் ஆசிரியரின் பேச்சின் தரத்துக்கு நிகராக இல்லை. பல சொற்கள் 'பிரித்தானியம்', 'அமெரிக்கம்' என்ற இரண்டு நிரல்களில் கண்மூடித்தனமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 'ஐஸ்' என்ற ஒலியில் முடியும் வினைகளை எஸ் எழுத்தோடு எழுதினால் பிரித்தானியம், இசட் எழுத்தோடு எழுதினால் அமெரிக்கம் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. உண்மையில் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியே கிரேக்க மூலத்தைக் காரணமாகக் காட்டி இவ்வகை வினைகளில் இசட் எழுத்தைத்தான் முதன்மையாகப் பயன்படுத்துகிறது; இங்கிலாந்தில் இரண்டு முறைகளும் உண்டு, எஸ் பெருவழக்கு. உதைபந்தாட்டத்தைக் குறிக்கும் 'சொக்கர்' என்ற சொல் அமெரிக்க நிரலில் மட்டும் நிற்கிறது. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒக்ஸ்போர்ட் மாணவர்கள் 'அசோசியேஷன்' என்ற சொல்லைச் சுருக்கி உருவாக்கிய இங்கிலாந்துச் சொல். இலையுதிர் காலத்துக்கு அமெரிக்கர் சொல்லும் 'ஃபால்' என்பதும் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வழங்கிப் பின்னர் அங்கே கைவிடப்பட்டது. அலுமினியத்தை அமெரிக்கர் ஓர் ஐ எழுத்தை விட்டு 'அலுமினம்' என்று எழுதுவதைக் கொச்சை என்று நினைப்பவர்கள், 1812இல் அந்த வடிவத்தைக் கையாண்டவர் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி என்பதை அறிந்தால் வியப்பார்கள். ஒரு சொல் இன்று எங்கே வழங்குகிறது என்பதும் அது எங்கே பிறந்தது என்பதும் தனித்தனியான கேள்விகள். குறிப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. நான் இதைச் சுட்டிக்காட்டியபோது ஆசிரியர் மறுக்கவில்லை. அடுத்த தொகுதிக்குத் திருத்தித் தருவதாகச் சொன்னார்.

எழுத்துமுறையில் அமெரிக்கா தனிவழி போனதற்குப் பெரும் காரணமாயிருந்த நோவா வெப்ஸ்ரரைப் பற்றி மட்டும் குறிப்புகளில் நல்ல பகுதி ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த அவர் 1828இல் வெளியிட்ட பெரிய அகராதியில், நிறத்துக்கான சொல்லில் யூ எழுத்தை நீக்கியதும், மையத்துக்கான சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றியதும் நிலைத்துவிட்டன. நாக்குக்கான சொல்லை ஒலிக்கேற்ப 'டி-யூ-என்-ஜி' என்று நான்கு எழுத்துகளில் எழுத அவர் விரும்பியதை அமெரிக்கர்களே ஏற்கவில்லை. வகுப்பிலிருந்த தாதிக்கு இதை ஒட்டி ஒரு கவலை இருந்தது: பரீட்சையில் எந்த எழுத்துமுறையில் எழுதுவது? ஐ.ஈ.எல்.ரி.எஸ். இரண்டையும் ஏற்கிறது, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தெளிவாகச் சொன்னார்.

திகதியும் அளவும் சொற்களைவிடத் தொல்லை தருபவை. 07/08 என்று ஒரு முன்பதிவு வந்தால் பிரித்தானியருக்கு அது ஓகஸ்ட் 7, அமெரிக்கருக்கு ஜூலை 8. மாதத்தை எழுத்தால் எழுதி மறுமொழி அனுப்புவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. கலன் பற்றிய பாடம் படகுக்காரருக்காகவே வைக்கப்பட்டது. பிரித்தானியக் கலன் ஏறத்தாழ 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், அமெரிக்காவில் அச்சான இயந்திரக் கையேட்டில் 10 கலன் எரிபொருள் என்று இருப்பதைப் பழைய பிரித்தானிய அளவாக எடுத்துக்கொண்டால், கணக்கில் ஏழரை லீற்றருக்கு மேல் பிசகிவிடும். கரையைவிட்டு வெகுதூரம் போகிறவர்களுக்கு இது வெறும் மொழிப்பாடம் இல்லை.

துறைமுகச் சொற்கள் வந்தபோதுதான் இந்த வகுப்பு திருகோணமலைக்கே உரியது என்று உணர்ந்தேன். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த ஊர் இது. இன்றும் இலங்கைக் கடற்படையின் பெரிய தளம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் செய்தித்தாள்கள் 'லெப்டினன்ட்' என்று எழுதுவது பிரித்தானிய உச்சரிப்பைப் பின்பற்றி. அமெரிக்கர் அதே பதவியை 'லூட்டெனன்ட்' என்கிறார்கள். மிதவைக்கான 'புவோய்' போலத் தோன்றும் எழுத்துக்கூட்டைப் பிரித்தானியர் பையனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஓரசையில் ஒலிக்க, அமெரிக்கர் பலர் 'பூயி' என்று ஈரசையாக நீட்டுகிறார்கள். படகின் மேல்விளிம்பைக் குறிக்கும் சொல் எழுத்தில் 'கன்வேல்' போலத் தோன்றினாலும் வாயில் 'கன்னல்' என்றே வரவேண்டும். துறைமேடையைக் குறிக்கும் 'க்வே' போன்ற எழுத்துக்கூட்டு, திறப்புக்கான சொல்லைப் போல 'கீ' என்றே ஒலிக்கும். இவற்றை ஆசிரியர் படகுக்காரரையே முன்னால் அழைத்து, அவர்கள் கையால் படகின் படத்தில் ஒவ்வொரு பகுதியையும் தொட்டுக்காட்டச் செய்து பயிற்றுவித்தார்.

திமிங்கிலச் சொற்களும் அப்படியே. நீலத் திமிங்கிலம் மூழ்கும்போது மேலே தெரியும் வால்மடலுக்கு 'ப்ளூக்' என்று பெயர். நங்கூரத்தின் நுனி அலகுக்கும் அதே சொல்தான். எதிர்பாராமல் வாய்க்கும் நற்பேற்றுக்கும் அதே எழுத்துக்கூட்டுத்தான். திமிங்கிலம் உடலை நீருக்கு மேலே எறிந்து விழுவதை 'ப்ரீச்' என்பார்கள். ஒப்பந்தத்தை மீறுவதற்கும் அதே சொல் என்பதால், அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டால் படகில் சொல்வது விளங்காது. வெளிநாட்டார் 'கட்டமரான்' என்று கேட்கும்போது அவர்கள் மனதிலிருப்பது இரட்டை உடல் கொண்ட படகு. கட்டைகளைப் பிணைத்த நம்முடைய கட்டுமரத்தை அவர்களுள் பலர் கண்டதே இல்லை. கந்தளாய்ப் பக்கத்தில் நீர்ப்பாசன அதிகாரிகள் சாதாரணமாகச் சொல்லும் 'அனிகட்' என்ற சொல்லும் நம் அணைக்கட்டுத்தான். அமெரிக்கப் பொறியியலாளருக்கு அது விளங்காது, 'வியர்' என்றோ நீர்திருப்பும் அணை என்றோ சொல்ல வேண்டும்.

இவ்வளவு உயிரோடு நடக்கும் வகுப்பு, பொதுவான அருஞ்சொற்களுக்கு வந்தவுடன் சோர்ந்துவிடுகிறது. கிழமைக்கு ஒரு பட்டியல் தந்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். யாரையாவது சன்னலால் வெளியே எறிவதைக் குறிக்கும் 'டிஃபெனஸ்ட்ரேட்' என்ற சொல்லை நான் இன்றுவரை எங்கும் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தும் தேவை வரும் என்றும் தோன்றவில்லை. மாறாக, கதையோடு சொல்லப்பட்டவை நிலைத்தன. தேடாமலே நல்லது ஒன்று வாய்ப்பதைக் குறிக்க 1754 ஜனவரியில் ஹொரஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு கடிதத்தில் உருவாக்கிய 'செரண்டிபிட்டி' என்ற சொல் இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்பிலிருந்து வந்தது என்பதை அறிந்தபின், விருந்தினரோடு பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மண்வாசனைக்கான 'பெட்ரிகோர்' என்பதை 1964இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் ஆக்கினார்கள் என்பதும் அப்படியே மனதில் நின்றது. 'இஸ்த்மஸ்' என்ற சொல்லுக்கு விளக்கமாக, உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நம் நகரத்தையே வரைபடத்தில் காட்டியது மிகச் சிறந்த பாடம். எல்லா அருஞ்சொல்லையும் இப்படி ஊரோடு சேர்த்துத் தந்தால் பட்டியலே தேவைப்படாது.

கனடாவைப் பற்றி எதுவும் சொல்லாதது இன்னொரு குறை. நம் ஊரில் பலருக்கு உறவினர் இருப்பது கனடாவில். அங்கே நிறத்தையும் மையத்தையும் பிரித்தானிய முறையில் எழுதுகிறார்கள், வாகனச் சில்லின் டயரை அமெரிக்க முறையில் எழுதுகிறார்கள், கழிப்பறையை 'வோஷ்ரூம்' என்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கடை அண்ணன் இதைப் பலமுறை கேட்டார். அதற்கென்று ஒரு பாடமாவது ஒதுக்கியிருக்கலாம்.

வசதிகளைப் பொறுத்தவரை, கூடம் சிறியது, மின்விசிறி ஒன்றுதான், பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது. உச்சரிப்பு முழுவதும் ஆசிரியரின் குரலை நம்பியே நடக்கிறது. அவருடைய பிரித்தானிய உச்சரிப்பு தெளிவானது, அமெரிக்க உச்சரிப்போ விளக்கமாகவே நின்றுவிடுகிறது. அந்நாட்டவர் பேசிய ஒலிப்பதிவுகள் கட்டாயம் வேண்டும். அதுவரை, இரு உச்சரிப்புகளையும் தனித்தனியே குறிக்கும் கற்போர் அகராதி ஒன்றைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது. மாதக் கட்டணம் வழமையான ரியூசன் கட்டணத்தைவிடச் சற்றுக் கூட. குழு சிறியது, ஒவ்வொருவரையும் பேசவைக்கிறார்கள் என்பதால் அதை நான் மிகையாகக் கருதவில்லை. நேரம்தான் விடுதிக்காரருக்கு இடைஞ்சல். சுற்றுலாப் பருவத்தில் மாலை வேளையில்தான் விருந்தினர் வந்து குவிவார்கள். அந்த மாதங்களில் வகுப்பைக் காலைக்கு மாற்றுமாறு பலரும் கேட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறியபின் தொடங்கும் தொகுதியில் சேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சேர விரும்புவோர் நேரில் போய்க் கேட்டால், ஒரு வகுப்பைக் கட்டணமில்லாமல் இருந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். துறைமுகச் சொற்கள் நடக்கும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது.